இரவு பனி உறைந்ததா? வசந்தகால இமயமலைக்குப் போகிறவர்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி

நம் ஊரில் வெயில் ஏறும் மார்ச் முதல் மே வரையிலான மாதங்களில்தான் இமயமலைக்குக் கிளம்புகிறவர்கள் அதிகம். பள்ளி விடுமுறை வருகிறது. கேதார்நாத் நடை திறக்கிறது. மலையேற்ற நிறுவனங்கள் பெயர்ப்பதிவு தொடங்குகின்றன. “குளிர்காலம் போய்விட்டது, இனி பயமில்லை” என்று நினைத்துத்தான் பலரும் பெட்டி கட்டுகிறார்கள்.

அந்த நினைப்பைச் சற்றுத் திருத்திக்கொள்ளுங்கள். குளிர்காலம் முழுவதும் பெய்த பனி இன்னும் மலையில்தான் கிடக்கிறது. இப்போதுதான் அது இளகத் தொடங்கியிருக்கிறது. சாலையும் கடையும் செல்போன் கோபுரமும் இல்லாத உள்மலைக்கு இந்தக் காலத்தில் போகிறவர்கள் பனிச்சரிவைப் பற்றிச் சில விஷயங்களைத் தெரிந்துகொண்டே ஆக வேண்டும். உத்தராகண்ட், இமாச்சலப் பிரதேசம், காஷ்மீர் ஆகிய மேற்கு இமயமலைப் பகுதிகளை மனதில் வைத்து அவற்றை இங்கே பார்ப்போம்.

பனிச்சரிவு என்பது என்ன?

சரிவான மலைப்பக்கத்தில் கிடக்கும் பனி, பிடிமானம் விட்டுப்போய் மொத்தமாகக் கீழே பாய்வதுதான் பனிச்சரிவு. மலையில் பனி ஒரே கட்டியாகக் கிடப்பதில்லை. ஒவ்வொரு பனிப்பொழிவும் ஓர் அடுக்காகப் படிகிறது. சில அடுக்குகள் நன்றாக இறுகிப்போகும். சில அடுக்குகளில் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டாமல் குருணையாகவே தங்கிவிடும். இறுகிய பாளம் மேலேயும் ஒட்டாத அடுக்கு அடியிலும் இருந்தால், மேலே ஓர் ஆள் நடக்கும் எடையே போதும். அடி அடுக்கு நொறுங்கி, பாளம் முழுவதும் விரிசல்விட்டு நழுவும்.

இது ஒரு வகை. வசந்தகாலத்துக்கே உரிய இன்னொரு வகை ஈரப்பனிச் சரிவு. வெயிலில் மேற்பனி உருகுகிறது. அந்த நீர் உள்ளே இறங்கி, துகள்களைப் பிணைத்திருந்த கட்டை அவிழ்த்துவிடுகிறது. அதன் பிறகு யாரும் மிதிக்கவே வேண்டாம், பனி தானாகவே இறங்கும்.

ஈரப்பனி மெதுவாகத்தானே வரும், ஓடித் தப்பிக்க முடியாதா?

உலர்பனிச் சரிவு மணிக்கு 100 கிலோமீட்டருக்கு மேல் பாயக்கூடியது. ஈரப்பனி அதைவிட மெதுவாக வரும் என்பது உண்மைதான். ஆனால் முழங்கால் அளவுப் பனியில் முதுகுமூட்டையோடு நிற்கும் உங்களால் அதைவிட வேகமாக ஓட முடியாது.

எடையையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள். புதிதாகப் பெய்த பனி ஒரு கன மீட்டர் 100 கிலோ அளவில் இருக்கும். சரிந்து நின்ற ஈரப்பனி அதைப் போலப் பல மடங்கு கனக்கும். நின்ற சில நொடிகளில் இறுகியும் விடும். அதற்குள் சிக்கியவரால் கையைக்கூட அசைக்க முடியாது.

எந்தச் சரிவில் ஆபத்து?

பெரும்பாலான பனிச்சரிவுகள் 30 முதல் 45 டிகிரி சாய்வுள்ள இடங்களில்தான் கிளம்புகின்றன. உங்கள் வீட்டு மாடிப்படி ஏறக்குறைய 30 டிகிரியிலிருந்து தொடங்கும் சாய்வுதான். ஆகவே மாடிப்படி அளவுக்கோ அதைவிடச் செங்குத்தாகவோ பனி கிடந்தால் கவனம் தேவை. செல்போனில் சாய்வு அளக்கும் செயலி கிடைக்கிறது. அதை ஊரிலேயே இறக்கிக்கொண்டு, மாடிப்படியில் வைத்துப் பழகிப் பாருங்கள்.

“நான் நடக்கப்போவது சமதரைதானே?” என்று கேட்கலாம். நீங்கள் நிற்கும் இடம் சமதரையாக இருந்தால் மட்டும் போதாது, தலைக்கு மேலே என்ன இருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். மேலே கிளம்பிய பனி அடிவாரத்தைத் தாண்டி வெகுதூரம் வந்துதான் நிற்கும்.

பனி வழக்கமாக இறங்கும் தடங்களை நீங்களே கண்டுபிடிக்கலாம். அடர்ந்த காட்டின் நடுவே மேலிருந்து கீழ்வரை மரமே இல்லாத ஒரு பட்டை, ஒரே பக்கமாக வளைந்து கிடக்கும் மரங்கள், முறிந்த கிளைகளும் கற்களும் கலந்த அழுக்குப் பனிக்குவியல், இவை எல்லாமே அதற்கு அடையாளங்கள். இப்படிப்பட்ட இடத்தில் கூடாரம் அடிக்கக் கூடாது. அங்கே உட்கார்ந்து சாப்பிடவும் கூடாது, நின்று படம் எடுக்கவும் கூடாது.

இது மலையேறிகளுக்கு மட்டும் உள்ள கவலையா?

இல்லை. 2023 ஏப்ரல் 4 அன்று சிக்கிமில் காங்டாக்கிலிருந்து நாதுலா கணவாய்க்குப் போகும் சாலையோரம் பனிச்சரிவு இறங்கியதில் 7 சுற்றுலாப் பயணிகள் இறந்தார்கள். வாகனத்தில் வந்து, பனியில் விளையாட இறங்கியவர்கள் பலர் அதில் சிக்கினார்கள்.

2025 பிப்ரவரி 28 அன்று உத்தராகண்டில் பத்ரிநாத்தை அடுத்த மானா கிராமத்துக்கு அருகே, சாலைப் பணியாளர்கள் தங்கியிருந்த முகாம் மீது பனி சரிந்தது. சிக்கிய 54 பேரில் 46 பேர் மீட்கப்பட்டார்கள், 8 பேர் இறந்தார்கள். அப்போது அங்கே கடும் பனிப்பொழிவு நடந்துகொண்டிருந்தது.

கேதார்நாத் போகும் நடைபாதையிலும் நடை திறக்கும் சமயத்தில் பனியை வெட்டித்தான் வழி செய்கிறார்கள். அந்தப் பாதையில் உள்ள லிஞ்சோலிக்கு மேலே பனிமேடுகளுக்கு இடையே புகுந்து போகும் இடங்கள் உண்டு. காவலர்கள் அங்கே “நிற்காமல் நடங்கள்” என்று விரட்டினால் கோபப்படாதீர்கள்.

வசந்தகாலத்தில் மட்டும் என்ன விசேஷம்?

ஆபத்து மணிக்கு மணி மாறும், அதுதான் விசேஷம். குளிர்காலத்தில் ஒரு சரிவு ஆபத்தானது என்றால் பல நாள் அப்படியே இருக்கும். வசந்தகாலத்தில், விடியற்காலை 5 மணிக்குக் கல்லாக இறுகிக் கிடந்த அதே சரிவு பகல் 12 மணிக்குக் கூழாகி இறங்கக் காத்திருக்கும். நேரம் தெரிந்து நடப்பவருக்கு இது வசதி, தெரியாதவருக்குப் பெரும் ஆபத்து.

இரவில் வானம் தெளிவாக இருந்தால் பனியின் மேற்பரப்பு தன் வெப்பத்தை வானத்துக்கு விட்டுவிட்டுக் குளிர்கிறது. பகலில் உருகிய நீர் உறைந்து, மேலே கெட்டியான ஓடு உண்டாகிறது. அந்த ஓடு பனியை ஒன்றாகக் கட்டிப்பிடித்து வைக்கிறது. சூரியன் ஏறியதும் ஓடு இளகுகிறது, கட்டும் தளர்கிறது.

இரவு மேகமூட்டமாக இருந்தால் வெப்பம் வெளியேறுவதில்லை. அதனால் பனி சரியாக உறையாது. அப்படிப்பட்ட இரவுக்குப் பிறகு, காலையில் எவ்வளவு சீக்கிரம் கிளம்பினாலும் பாதுகாப்பு கிடையாது. மழை பெய்துவிட்டால் நிலைமை இன்னும் மோசம். பனி மேல் மழை விழத் தொடங்கிய உடனேயே பனிச்சரிவுகள் இறங்கலாம்.

அதனால்தான் கூடாரத்தை விட்டு வெளியே வந்ததும் “இரவு பனி உறைந்ததா?” என்று முதலில் கேட்டுக்கொள்ள வேண்டும்.

உறைந்ததா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

காலணியைப் பனியில் அழுத்தி வையுங்கள். தடம் லேசாக மட்டும் பதிந்தால் ஓடு நன்றாக இருக்கிறது. கணுக்கால் வரை உள்ளே போனால் இளகத் தொடங்கிவிட்டது, செங்குத்துச் சரிவுகளிலிருந்து விலகுங்கள். முழங்கால் வரை புதைந்தால் அன்றைக்குச் சரிவைக் கடக்கும் வேலை வேண்டாம்.

ஊன்றுகோலால் குத்தியும் பார்க்கலாம். மேலே மட்டும் மெல்லிய ஓடு, அடியில் ஈரக்கூழ் என்றால் அந்த ஓடு காலை வெயிலைச் சிறிது நேரம்கூடத் தாங்காது.

அப்படியானால் எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும்?

கிளம்பும் நேரத்தை விட, பனி மூடிய சரிவைத் தாண்டி முடிக்கும் நேரத்தை முதலில் முடிவு செய்யுங்கள். பொதுவாகக் காலை 10 மணிக்குள் செங்குத்தான பனிப்பகுதிகள் உங்களுக்குப் பின்னால் இருக்க வேண்டும். அதிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டால், கணவாயைக் கடக்கும் நாளில் அதிகாலை 2 அல்லது 3 மணிக்கே நடை தொடங்க வேண்டியிருக்கும். வழிகாட்டி அந்த நேரத்தில் எழுப்புவது உங்களுக்குச் சூரிய உதயம் காட்டுவதற்காக மட்டும் அல்ல.

சரிவு எந்தத் திசையைப் பார்த்திருக்கிறது என்பதும் முக்கியம். கிழக்கு பார்த்த சரிவில் காலை வெயில் முதலில் விழும், ஆகவே அது முதலில் இளகும். அடுத்தது தெற்கு, பிறகு மேற்கு. வடக்கு பார்த்த சரிவில் வெயில் குறைவு என்பதால் பனி உலர்ந்தே இருக்கும். ஆனால் அங்கே குளிர்காலத்து ஒட்டாத அடுக்குகள் நீண்ட நாள் பிழைத்திருக்கும். ஆகவே வெயில் படாத பக்கம் என்றால் பயமில்லை என்று எண்ணிவிடாதீர்கள்.

போகும்போது 5 மணிக்குக் கடந்த சரிவைத் திரும்பும்போது மதியம் 1 மணிக்குக் கடக்க நேருமா என்று முன்கூட்டியே பாருங்கள். பலரும் போகும் நேரத்தை மட்டும் கணக்கிட்டு, திரும்பும் நேரத்தை மறந்துவிடுகிறார்கள்.

மலை முன்கூட்டியே எச்சரிக்குமா?

பல சமயம் எச்சரிக்கும். இந்த அடையாளங்களில் ஒன்றைக் கண்டாலும் நின்றுவிடுங்கள்.

பக்கத்துச் சரிவில் அன்றைக்கோ முந்தைய நாளோ பனி இறங்கியிருப்பது எல்லாவற்றிலும் தெளிவான எச்சரிக்கை. அதே திசை, அதே உயரம், அதே சாய்வுள்ள உங்கள் சரிவும் அதே நிலையில்தான் இருக்கும்.

மேலிருந்து சின்னச் சின்னப் பனி உருண்டைகள் தானாக உருண்டு வந்தால், மேற்பரப்பு ஈரமாகிவிட்டது என்று பொருள்.

காலை வைத்ததும் “உம்ப்” என்று அடியிலிருந்து ஓர் அமுங்கிய ஒலி கேட்டாலோ, காலடியிலிருந்து விரிசல் ஓடினாலோ, உள்ளே அடுக்கு நொறுங்குகிறது. பேசாமல் வந்த வழியே திரும்புங்கள்.

முகட்டின் ஓரத்தில் தொங்குபனி (அடியில் தாங்கல் இல்லாமல், காற்று நீட்டி வைத்த பனி விளிம்பு) இருந்தால் அதன் மேலும் போகாதீர்கள், வெயில் ஏறிய பிறகு அதன் கீழும் நிற்காதீர்கள்.

புதுப்பனி கொட்டினால் எத்தனை நாள் காத்திருக்க வேண்டும்?

மேற்கு இமயமலைக்குக் குளிர்காலத்திலும் வசந்தத்திலும் பனி கொண்டுவருவது மேற்கத்திய இடையூறு (மத்தியதரைக் கடல் பக்கமிருந்து ஈரத்தோடு கிழக்கே வரும் காற்றுச் சுழற்சி). ஏப்ரலிலும் இவை வருவதுண்டு. சமவெளியில் இரண்டு நாள் மேகமும் தூறலுமாக முடிந்துவிடும் அதே இடையூறு 3,500 மீட்டருக்கு மேலே பனியாகக் கொட்டும்.

பனி கொட்டும்போதும், அது நின்ற பிறகு முதல் 24 முதல் 48 மணி நேரமும்தான் மிகவும் ஆபத்து. புதுப்பனி பழைய பனியோடு ஒட்டுவதற்கு நேரம் வேண்டும். காற்று பலமாக வீசியிருந்தால், பனி மேலே பொழியாத சரிவில்கூடக் காற்று அள்ளி வந்த பனி குவிந்திருக்கும்.

இங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள். பனிப்பொழிவுக்கு மறுநாள் வானம் நீலமாகத் தெளிந்து வெயில் அடிக்கும். கிளம்ப இதைவிட நல்ல நாள் இல்லை என்று தோன்றும். ஆனால் புதுப்பனி மேல் விழும் முதல் வெயில்தான் பனிச்சரிவுகளைக் கிளப்புகிறது. அன்றைக்கு முகாமிலேயே இருங்கள்.

வானிலை அறிக்கையை எப்படிப் படிப்பது?

இந்திய வானிலை ஆய்வு மையத்தின் டேராடூன், சிம்லா, ஸ்ரீநகர் மையங்கள் மாவட்ட வாரியாக முன்னறிவிப்பு தருகின்றன. ஆனால் அதில் உள்ள வெப்பநிலை ஊருக்கானது, நீங்கள் போகும் கணவாய்க்கானது அல்ல. 1,000 மீட்டர் ஏறினால் வெப்பம் சராசரியாக 6.5 டிகிரி குறையும் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். சுமார் 2,050 மீட்டரில் உள்ள மணாலியில் 15 டிகிரி என்றால், 4,000 மீட்டரில் ஏறக்குறைய 2 டிகிரி இருக்கும்.

இதே கணக்கை இரவுக்கும் போடுங்கள். மலையில் எந்த உயரத்தில் வெப்பம் பூஜ்யத்தைத் தொடுகிறதோ அது உறைமட்டம். இரவிலும் உறைமட்டம் உங்கள் பாதைக்கு மேலேயே இருந்தால், அதோடு மேகமும் இருந்தால், காலையில் ஓடு இருக்காது.

பனிச்சரிவுக்குத் தனி எச்சரிக்கை உண்டா?

உண்டு. சண்டிகரில் உள்ள டி.ஜி.ஆர்.இ. (பாதுகாப்பு ஆராய்ச்சி மற்றும் மேம்பாட்டு அமைப்பின் கீழ் பனிச்சரிவை ஆராயும் நிறுவனம்) இதை வெளியிடுகிறது. மாநிலப் பேரிடர் மேலாண்மை ஆணையங்கள் அதை மக்களுக்குத் தெரிவிக்கின்றன. இன்ன மாவட்டத்தில், இத்தனை மீட்டருக்கு மேலே, அடுத்த 24 மணி நேரத்தில், இந்த அளவு ஆபத்து என்ற வடிவில் அது வரும். உங்கள் மாவட்டத்தின் பெயரும் உங்கள் பாதையின் உயரமும் அதில் அடங்குகின்றனவா என்று பாருங்கள்.

உலக அளவில் ஆபத்தை 1 முதல் 5 வரை ஐந்து படிகளாகச் சொல்வது வழக்கம். 3 என்றால் நடுவில்தானே இருக்கிறது, பரவாயில்லை என்று தோன்றும். ஆனால் ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் உயிரிழப்புகளில் பெரும்பங்கு 3-ஆம் படியில்தான் நிகழ்கிறது. 4, 5 என்றால் மக்கள் தாங்களாகவே போவதில்லை. 3 என்றால் துணிந்துவிடுகிறார்கள்.

பனிச்சரிவைத் தவிர வேறு என்ன கவனிக்க வேண்டும்?

ஏப்ரல், மே மாதங்களில் காலையில் தெளிவாக இருக்கும் வானம் மதியத்துக்கு மேல் கறுத்து, இடியும் ஆலங்கட்டியுமாக மாறுவது சாதாரணம். நண்பகலுக்குள் முகடுகளை விட்டு இறங்கிவிடுங்கள்.

ஜூன் பிறந்துவிட்டாலும் மலை இரக்கம் காட்டாது. 2024 ஜூன் தொடக்கத்தில் உத்தரகாசியின் சஹஸ்ரதால் பாதையில் பெரும்பாலும் கர்நாடகத்தவர்கள் அடங்கிய 22 பேர் குழு பனிப்புயலில் சிக்கியது. 9 பேர் இறந்தார்கள். அங்கே பனிச்சரிவு இல்லை. குளிரும் காற்றும் பாதை தெரியாமையுமே உயிரைப் பறித்தன. காற்றும் ஈரமும் புகாத மேலங்கியையும் ஒரு செட் உலர்ந்த உள்ளாடையையும் எப்போதும் முதுகுப்பையிலேயே வையுங்கள், கழுதை மேல் ஏற்றி அனுப்பாதீர்கள்.

ஓடைகளின் மேல் பாலம்போல் உறைந்து கிடக்கும் பனியும் மதியத்தில் வலுவிழக்கும். பனி உருகி வரும் ஆறுகளில் மாலையில்தான் நீர் அதிகம். இவற்றையும் காலையில் கடப்பதே நல்லது.

புதுப்பனி, தன் மேல் விழும் புறஊதாக் கதிரில் 80 சதவீதம் வரை திருப்பி அனுப்பும். கறுப்புக் கண்ணாடி இல்லாமல் ஒரு பகல் நடந்தால், இரவில் கண்ணில் மணல் போட்டது போல எரிந்து பார்வை மங்கும். மேகமூட்டம் என்றாலும் கழற்றாதீர்கள்.

சரிவைக் கடந்தே ஆக வேண்டும் என்றால்?

ஒருவர் பின் ஒருவராக, ஒரு நேரத்தில் ஒருவர் மட்டும் கடக்க வேண்டும். மற்றவர்கள் பாதுகாப்பான இடத்தில் நின்று அவரையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். முதுகுமூட்டையின் இடுப்புப் பட்டையைத் தளர்த்தி, ஊன்றுகோலின் கைவாரைக் கழற்றிவிடுங்கள். எல்லோரும் கூட்டமாகப் போனால் எடையும் கூடும். சரிந்தால் தோண்ட ஆளும் மிஞ்ச மாட்டார்.

ஒருவர் புதைந்துவிட்டால் எவ்வளவு நேரம் இருக்கிறது?

மிகக் குறைவு. 10 முதல் 15 நிமிடத்துக்குள் வெளியே எடுத்தால் பத்தில் ஒன்பது பேர் வரை பிழைக்கிறார்கள். 35 நிமிடம் ஆகிவிட்டால் மூன்றில் ஒருவர் பிழைப்பதே அரிது. பெரும்பாலும் மூச்சு முட்டித்தான் இறக்கிறார்கள்.

“சியாச்சினில் பனியில் புதைந்த ராணுவ வீரர் ஹனுமந்தப்பா ஆறு நாள் உயிரோடு இருந்தாரே?” என்று உங்களுக்கு நினைவு வரலாம். 2016 பிப்ரவரி 3 அன்று மெட்ராஸ் ரெஜிமெண்டைச் சேர்ந்த 10 வீரர்கள் மேல் பனி விழுந்தது. தமிழ்நாட்டு வீரர்களும் அவர்களில் இருந்தார்கள். லான்ஸ் நாயக் ஹனுமந்தப்பா மட்டும் ஆறு நாளுக்குப் பிறகு உயிரோடு மீட்கப்பட்டு, பிப்ரவரி 11 அன்று டெல்லி மருத்துவமனையில் இறந்தார். அது அரிதிலும் அரிது. அதை நம்பித் திட்டம் போட முடியாது.

ஹெலிகாப்டரோ மீட்புப் படையோ 15 நிமிடத்தில் வராது. உங்களைக் காப்பாற்றக்கூடியவர் பக்கத்தில் நிற்கும் துணைதான். அதற்கு மூன்று கருவிகள் வேண்டும்: பீக்கன் (உடலில் கட்டிக்கொள்ளும் சிறு ரேடியோ, புதைந்தவர் இருக்கும் திசையைக் காட்டும்), துழாவுகோல் (மடக்கி எடுத்துச்செல்லும் நீண்ட கம்பி), பனி அள்ளும் மண்வெட்டி. மூன்றும் ஒவ்வொருவரிடமும் இருக்க வேண்டும், எல்லோரும் பயன்படுத்திப் பழகியிருக்கவும் வேண்டும்.

நீங்களே சிக்கிக்கொண்டால் உரக்கக் கத்துங்கள். கோலை விட்டுவிட்டு ஓரத்தை நோக்கி நகரப் போராடுங்கள். பனியின் வேகம் குறையும்போது இரு கைகளையும் முகத்துக்கு முன்னால் கொண்டுவந்து மூச்சுவிடச் சிறு இடம் செய்துகொள்ளுங்கள். நின்ற பிறகு அது முடியாது.

பார்த்துக்கொண்டிருப்பவராக இருந்தால், அவர் கடைசியாகத் தென்பட்ட இடத்தைக் கண்ணை எடுக்காமல் குறித்துக்கொள்ளுங்கள். மேலே இன்னும் சரியக்கூடிய பனி இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, அந்த இடத்திலிருந்து கீழ்நோக்கித் தேடுங்கள். உதவி கேட்டு எல்லோரும் கீழே ஓடாதீர்கள். தொடர்பு கிடைத்தால் 112-ஐ அழையுங்கள்.

வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களுக்கு ஒரு குறிப்பு. அரசு அனுமதி இல்லாமல் செயற்கைக்கோள் தொலைபேசியோ செய்தி அனுப்பும் அதுபோன்ற கருவியோ இந்தியாவுக்குள் கொண்டுவந்தால் வழக்கு வரலாம்.

மலையேற்ற நிறுவனத்திடம் என்ன கேட்பது?

பணம் கட்டும் முன்பே கேளுங்கள். செங்குத்தான பனியை எத்தனை மணிக்குள் கடந்து முடிப்பீர்கள்? திரும்பிவிடலாம் என்று முடிவெடுக்கும் அதிகாரம் யாருக்கு? திரும்பினால் பணம் என்ன ஆகும்? பயணத் திட்டத்தில் உபரி நாள் இருக்கிறதா? பீக்கனும் மண்வெட்டியும் எத்தனை பேருக்கு உண்டு? கடந்த வாரம் அதே பாதையில் போன குழு என்ன சொன்னது?

“அதெல்லாம் அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம்” என்று பதில் வந்தால் வேறு நிறுவனத்தைப் பாருங்கள்.

அப்படியானால் போகாமலே இருந்துவிடலாமா?

அவசியமில்லை. சரியான நேரத்தில் நடந்தால் வசந்தகாலப் பனி இறுகி, காலுக்கு நல்ல பிடிமானம் தரும். முதல் தடவை போகிறவர்கள் பனிச்சரிவுத் தடங்களைக் கடக்காத, சாய்வு குறைந்த புல்வெளிப் பாதைகளைத் தேர்ந்தெடுக்கலாம். கணவாய் கடக்கும் பாதைகளுக்கு இன்னும் சில வாரம் பொறுத்துப் போகலாம்.

ஒரு காரியத்தை மட்டும் ஊரிலேயே செய்துவிடுங்கள். கணவாயில் தவறான முடிவு எடுக்க வைப்பது பல நேரம் பனி அல்ல, மறுநாள் டெல்லியிலிருந்து கிளம்பும் ரயில். “இன்றைக்குக் கடக்காவிட்டால் டிக்கெட் போய்விடும்” என்ற அவசரம் வந்துவிட்டால் காலணி முழங்கால் வரை புதைவதுகூடக் கண்ணில் படாது. ஆகவே, மலையிறங்கும் நாளுக்கும் திரும்பும் பயணத்துக்கும் நடுவே குறைந்தது இரண்டு நாள் விட்டு டிக்கெட் எடுங்கள். இரவு பனி உறையவில்லை என்றால், அந்த இரண்டு நாளில் ஒன்றை எடுத்துக்கொண்டு முகாமிலேயே காத்திருக்கலாம்.